யாவுஸா ஆறு சுருங்கிவிட்டதா?

கேள்வி இது: மாஸ்கோவுக்குச் சுற்றுலா போன ஒருவர், யாவுஸா என்ற சிறிய ஆற்றின் கரையில் நின்றிருக்கிறார். இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், நடுவே அசையாத தண்ணீர். “ஒரு காலத்தில் வணிகர்கள் இதன் வழியாகத்தான் வோல்கா வரை போனார்கள்” என்றாராம் வழிகாட்டி. நண்பருக்கு நம்பிக்கை வரவில்லை. முன்பு பெரிய ஆறாக இருந்து வற்றிச் சுருங்கிவிட்டதா, இல்லை சுற்றுலாப் பயணிகளுக்காகச் சொல்லும் கதையா என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. கப்பல் போயிருந்தால் ஆறு பெரிதாக இருந்திருக்க வேண்டும், இன்று சிறிதாக இருப்பதால் அது தேய்ந்திருக்க வேண்டும் என்பது அது. நான் நீரியல் படித்தது மாஸ்கோவில். அதற்குப் பிறகு வேலை பார்த்ததும் ஆறு, கால்வாய், மதகு என்றுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நண்பர் நின்று பார்த்த இடத்தில் யாவுஸா சுருங்கவில்லை, அகலமாகியிருக்கிறது. அங்கே ஓடும் தண்ணீரும் பழைய யாவுஸாவில் ஓடியதைவிட அதிகம். வழிகாட்டி சொன்னதும் பெரும்பாலும் சரியே. ஆனால் அவர் சொன்ன ‘போனார்கள்’ என்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஆறு எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். யாவுஸாவின் மொத்த நீளம் 48 கிலோமீட்டர். அது தண்ணீர் வாங்கும் பரப்பு சுமார் 450 சதுர கிலோமீட்டர். மாஸ்கோவின் வடகிழக்கில் லோசினி ஓஸ்த்ரோவ் என்றொரு பெரிய காடு உண்டு. ஜார் மன்னர்கள் வேட்டைக்காகப் பாதுகாத்துவைத்த காடு என்பதால் தப்பிப் பிழைத்தது. 1983-ல் தேசியப் பூங்காவானது. அந்தக் காட்டுச் சதுப்பில்தான் யாவுஸா பிறக்கிறது. மலையில்லை, அருவியில்லை, நாணலுக்கும் பாசிக்கும் நடுவே தண்ணீர் மெல்லக் கசிந்து சேர்ந்து ஆறாகிறது. பிறந்தவுடன் நேராக மாஸ்கோவை நோக்கி வருவதுமில்லை. வடமேற்கே மித்திஷ்சி என்ற ஊர் வரை போய், அங்கே வளைந்து, பிறகு தெற்கே திரும்பி நகருக்குள் நுழைகிறது. மெத்வேத்கவோ, ரஸ்தோக்கினோ, சக்கோல்னிகி, லெஃபோர்த்தவோ என்று வரிசையாகத் தாண்டி, கிரெம்ளினுக்குக் கிழக்கே மாஸ்க்வா ஆற்றில் இடப்பக்கமாகச் சேர்கிறது. சேரும் முனையில் இன்று நிற்பது ஸ்டாலின் காலத்து அடுக்குமாடி வானளாவி. படங்களில் பார்த்திருப்பீர்கள்.

மித்திஷ்சியில் அது போடும் அந்த வளைவை மறந்துவிடாதீர்கள், கதையின் முடிச்சே அங்கேதான். அந்த வளைவுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் கிளியாஸ்மா என்ற வேறொரு ஆறு ஓடுகிறது. அது கிழக்கே விளாதிமிர் நகரைத் தொட்டு, ஓக்கா ஆற்றில் கலந்து, கடைசியில் வோல்காவுக்குப் போய்ச் சேரும். 12-ம் நூற்றாண்டில் வடகிழக்கு ரஷ்யாவின் தலைநகர் விளாதிமிர். மாஸ்கோ எல்லைப்புறத்து மரக்கோட்டை மட்டும். மாஸ்க்வா ஆற்றிலிருந்து யாவுஸாவில் ஏறி, மித்திஷ்சி அருகே படகைக் கரையேற்றி, சரக்கையும் படகையும் தரைவழியே கிளியாஸ்மா வரை இழுத்துவிட்டால் விளாதிமிருக்கு ஆற்றோடு போய்விடலாம். இப்படிப் படகைத் தரையில் இழுத்து ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்கு மாற்றும் இடத்தை ரஷ்யர்கள் ‘வோலக்’ என்பார்கள். அந்நாட்டின் பழைய வணிகப் பாதைகள் எல்லாம் இப்படிப்பட்ட இழுப்புத்தடங்களால் கோக்கப்பட்டவைதான்.

இதில் எது உறுதி, எது ஊகம்? மித்திஷ்சியில் சுங்கம் வசூலித்தார்கள் என்பது உறுதி என்றே சொல்லலாம். ஊரின் பெயரிலேயே சுங்கத்தைக் குறிக்கும் பழைய ரஷ்யச் சொல் இருக்கிறது, 15-ம் நூற்றாண்டு ஆவணத்தில் ‘யாவுஸா சுங்கச்சாவடி’ என்றே வருகிறது. சரக்குப் போகாத இடத்தில் யாரும் சுங்கச்சாவடி வைக்கமாட்டார்கள். மாஸ்கோ கோட்டையை 1156-ல் யூரி தோல்கருக்கி என்ற இளவரசர் கட்டியதைச் சொல்லும் தீவெர் நகர நாளாகமமும் இடத்துக்கு அடையாளமாக யாவுஸாவின் பெயரைச் சொல்கிறது. ஆனால் அந்த நாளாகமம் தொகுக்கப்பட்டது 16-ம் நூற்றாண்டில். ஆகவே அதை 12-ம் நூற்றாண்டு நேரடிச் சாட்சியாக எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். எவ்வளவு சரக்குப் போனது, ஆண்டுக்கு எத்தனை படகுகள் என்றெல்லாம் யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். மாஸ்கோ தலைநகரான பிறகு, விளாதிமிருக்குப் போகும் தேவை குறைந்ததும் இந்தப் பாதையும் மங்கிப்போனது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

இனி, அத்தனை சிறிய ஆற்றில் எப்படி என்ற கேள்வி. இங்கே நம் மனத்தில் இருக்கும் ‘கப்பலை’ இறக்கிவைக்க வேண்டும். அந்தக் காலத்துப் படகு என்பது பெரும்பாலும் ஒரே அடிமரத்தைக் குடைந்து, விளிம்பில் பலகை வைத்து உயர்த்தியது. முழங்கால் அளவு தண்ணீர் போதும். துடுப்பு, கழி, கரையிலிருந்து கயிறு; பாய் விரிக்கத் தேவையில்லை. அதோடு ரஷ்ய ஆறுகளின் ஆண்டுக் கணக்கு நம்முடையதைப் போன்றதன்று. அங்கே மழைக்காலத்தை நம்பி ஆறு ஓடுவதில்லை. பனி உருகுவதுதான் வெள்ளம். மத்திய ரஷ்யாவின் சமவெளி ஆறுகளில் ஆண்டு முழுவதும் ஓடும் தண்ணீரில் பாதியோ அதற்கு மேலோ ஏப்ரலை ஒட்டிய சில வாரங்களிலேயே ஓடிவிடும். அந்தச் சில வாரங்களில் யாவுஸாவும் கரை தெரியாமல் ஓடியிருக்கும். ஜூலையில் அதே இடத்தில் மாடு இறங்கி நடந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு, பலரும் சொல்ல மறப்பது: நவம்பர் கடைசியிலிருந்து நான்கைந்து மாதம் ஆறு உறைந்துவிடும். உறைந்த ஆறு அவர்களுக்குத் தடையே இல்லை, அதுதான் ஆண்டின் ஆகச் சிறந்த சாலை. மேடில்லை, சேறில்லை, மரம் வெட்ட வேண்டியதில்லை. சறுக்குவண்டியில் குதிரையைப் பூட்டினால் போதும். ‘ஆற்று வழி’ என்று பழைய ஏடுகளில் வருவதில் கணிசமான பங்கு பனிக்கட்டியின் மேல் போன வழி. யாவுஸா போன்ற சிறிய ஆற்றுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

ஆறு உண்மையில் எவ்வளவு அகலம் இருந்தது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, அதுவும் ஒரு பேரரசரின் சாட்சி. 1688-ல், 16 வயது வாலிபனாக இருந்த முதலாம் பீட்டர், இஸ்மாயிலவோ பண்ணையின் கிடங்கு ஒன்றில் ஒரு பழைய ஆங்கிலப் படகைக் கண்டெடுத்தார். சுமார் 7 மீட்டர் நீளப் படகு. காற்றை எதிர்த்தும் பாய் விரித்து ஓடக்கூடியது. கார்ஸ்டன் பிராண்ட் என்ற டச்சுக்காரர் அதைப் பழுதுபார்த்து யாவுஸாவில் மிதக்கவிட்டார். பிற்காலத்தில், 1720-ல் வெளிவந்த கடற்படை விதிகளின் முன்னுரையில் பீட்டர் இதை நினைவுகூர்கிறார். படகு சரியாகத் திரும்பவில்லை, கரையில் போய் முட்டிக்கொண்டே இருந்தது. ஏன் என்று கேட்டதற்குத் தண்ணீர் குறுகலாக இருக்கிறது என்றார் பிராண்ட். அதனால்தான் படகை இஸ்மாயிலவோ குளத்துக்கும், அதுவும் போதாமல் பெரெயஸ்லாவல் அருகே பிளெஷ்செயவோ ஏரிக்கும் கொண்டுபோனார்கள். ரஷ்யக் கடற்படையின் பாட்டன் என்று இந்தப் படகைத்தான் சொல்வார்கள். பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்: ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே யாவுஸா ஒரு பாய்ப்படகு திரும்ப முடியாத அளவுக்குக் குறுகலாகத்தான் இருந்தது. துடுப்புப் படகுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

அந்தக் காலத்தில் யாவுஸாவின் முக்கிய வேலை படகைச் சுமப்பதாக இல்லை, சக்கரத்தைச் சுற்றுவதாக இருந்தது. 17-ம் நூற்றாண்டில் ஆறு நெடுக அணை கட்டி ஆலைகள் வைத்திருந்தார்கள். மாவரைக்கும் ஆலைகளோடு வெடிமருந்து அரைப்பவையும் காகிதம் செய்பவையும் இருந்தன. அணைக்கு அணை தண்ணீர் தேங்கினால் படகுப் பாதை அறுந்துபோகும். ஆலையும் படகும் ஓர் ஆற்றில் சேர்ந்து வாழ்வது எந்த நாட்டிலும் கடினம். கழிமுகத்தை ஒட்டி வேறு தொழில்கள். கொப்பரை செய்பவர்கள், குயவர்கள் என நெருப்போடு வேலை செய்பவர்களின் குடியிருப்புகள் ஆற்றுக்கு அப்பால் இருந்தன. மரவீடுகளால் ஆன நகரைத் தீயிலிருந்து காக்கவே அப்படி வைத்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். சற்று மேலே சிரமியாத்னிகியில் தோல் பதனிடுபவர்கள். அவர்களுக்கு ஓடும் தண்ணீர் வேண்டும், நாற்றமோ ஊருக்கு வரக்கூடாது. இந்தத் தொழில்களின் பெயர்கள் இன்றும் அங்கே தெருப்பெயர்களாக நிற்கின்றன. இதற்கெல்லாம் நடுவே, 14-ம் நூற்றாண்டில் எழுந்த அந்திரோனிகவ் மடம் ஆற்றைப் பார்த்தபடி மேட்டில் இருக்கிறது. ஓவியத் துறவி அந்திரேய் ருப்ளியோவ் வாழ்ந்து மறைந்த இடம் அது.

1652-ல் ஜார் அலெக்ஸேய் வெளிநாட்டவரையெல்லாம் நகரைவிட்டு வெளியே அனுப்பி யாவுஸாக் கரையில் குடியேற்றினார். ஜெர்மன் குடியிருப்பு என்று பெயர். ஆனால் டச்சு, ஸ்காட்டிஷ், சுவிஸ் என எல்லாரும் உண்டு. பீட்டர் வளர்ந்த பிரியோபிரஷென்ஸ்கயே அதே ஆற்றின் மேல்புறம். பாய்த்துணி நெய்யும் ஆலை, பீட்டரின் நெருங்கிய நண்பர் லெஃபோர்ட்டின் அரண்மனை, 1707-ல் நிக்கோலாய் பிட்லோ நடத்தத் தொடங்கிய ரஷ்யாவின் முதல் அரசு மருத்துவமனை எல்லாம் இந்தக் கரையில் எழுந்தன. தலைநகர் நெவா ஆற்றங்கரையில் உள்ள பீட்டர்ஸ்பர்க்குக்குப் போவதற்கு முந்தைய சில ஆண்டுகள், ரஷ்யாவின் தலையெழுத்து கிரெம்ளினைவிட இங்கேதான் அதிகம் எழுதப்பட்டது என்றால் மிகையாகாது.

என் துறைக்காரர்களுக்கு யாவுஸா என்றால் முதலில் நினைவுக்கு வருவது இவை எதுவுமில்லை, குடிதண்ணீர். மித்திஷ்சி அருகே ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுத்தமான ஊற்றுகள் நிறைய இருந்தன. 1779-ல் இரண்டாம் கேத்தரின் அரசி, அந்த ஊற்றுநீரை மாஸ்கோவுக்குக் கொண்டுவர ஆணையிட்டார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மாஸ்கோ கொள்ளைநோயில் செத்துக் கிடந்தது. ராணுவப் பொறியாளர் பாவர் திட்டம் போட்டார். 40-க்கு மேற்பட்ட ஊற்றுகளைச் செங்கல் தொட்டிகளில் பிடித்து, மூடிய செங்கல் கால்வாயில் சாய்வு மட்டத்திலேயே நகர் வரை ஓடவைப்பது. எந்திரமே கிடையாது, எல்லாம் சரிவுதான். பள்ளம் வரும் இடங்களில் கால்வாயைத் தூக்கிப்பிடிக்கத் தொட்டிப்பாலங்கள். அவற்றில் மிகப் பெரியது ரஸ்தோக்கினோவில் யாவுஸாவையே தாண்டிப் போகிறது: 21 வளைவு, 356 மீட்டர் நீளம், வெள்ளைக்கல். 1783-ல் பாவர் இறந்தார், துருக்கியோடு போர் வந்து பணம் நின்றது, வேலை இழுத்துக்கொண்டே போனது. முடிந்தது 1804-ல், 25 ஆண்டு கழித்து. செலவைப் பார்த்து ‘மில்லியன் பாலம்’ என்று மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நகருக்கு வந்து சேர்ந்த தண்ணீர் திட்டத்தில் எழுதியதைவிடக் குறைவு. சதுப்பு மண்ணில் கிடத்திய செங்கல் கால்வாய் அங்கங்கே அமிழ்ந்து, விரிசல் விட்டு, நல்ல தண்ணீர் வெளியேயும் கெட்ட தண்ணீர் உள்ளேயும் கசிந்தது. சரிவை மட்டும் நம்பும் எந்தக் கால்வாய்க்கும் இதுதான் எமன். ஓரிடத்தில் ஒரு சாண் அமிழ்ந்தால் போதும். 19-ம் நூற்றாண்டில் இதைத் திரும்பத் திரும்பச் சீரமைத்து, வழியில் நீராவி எந்திரம் வைத்து நீரை ஏற்றினார்கள். நூற்றாண்டின் கடைசியில் கிணறு வெட்டி ஊற்றுப்பகுதியிலிருந்தே எந்திரத்தால் உறிஞ்சத் தொடங்கினார்கள். அதிகம் உறிஞ்ச உறிஞ்ச நீரின் கடினத்தன்மை ஏறியது. வேறு வழியில்லாமல் 1903-ல் மாஸ்க்வா ஆற்றிலிருந்தே நீர் எடுக்கும் ருப்ளியோவோ நிலையம் திறந்தார்கள். மித்திஷ்சி நீர் குடிதண்ணீராக 1962 வரை ஏதோ ஓர் அளவில் வந்துகொண்டிருந்தது. ஆக, யாவுஸா ‘சுருங்கியது’ என்று எங்காவது சொல்ல வேண்டுமானால் இந்த மேல்பகுதியைத்தான் சொல்ல வேண்டும். ஆற்றை ஊட்டிய ஊற்றுகளை நகரம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் குடித்தது. பிறப்பிடச் சதுப்பில் எரிபொருளுக்காகப் பீட் மண்ணையும் வெட்டியெடுத்தார்கள். இரண்டில் எது எவ்வளவு நீரைக் குறைத்தது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குப் பழைய அளவீடுகள் இல்லை.

கீழ்ப்பகுதியின் கதை வேறு. அங்கே 19-ம் நூற்றாண்டில் துணி ஆலைகளும் சாயப்பட்டறைகளும் நெருங்கி வந்தன, கழிவெல்லாம் ஆற்றில். திருப்பூரையும் நொய்யலையும் அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்று நண்பர் பார்த்த யாவுஸா 1930-களில் செய்யப்பட்டது. 1935-ம் ஆண்டு மாஸ்கோ பெருந்திட்டத்தில் நகரைச் சுற்றி ஒரு நீர்வளையம் அமைக்கும் கனவு இருந்தது. 1937-ல் திறக்கப்பட்ட 128 கிலோமீட்டர் மாஸ்கோ கால்வாய் வோல்காவின் நீரை நகருக்குக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான கைதிகள் அதை வெட்டும்போது செத்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த நீரில் ஒரு பங்கை ஹிம்க்கி நீர்த்தேக்கத்திலிருந்து கலோவின் குளங்கள் வழியாக லிஹபோர்க்கா என்ற துணையாற்றில் விட்டு, யாவுஸாவுக்குத் திருப்பினார்கள். யாவுஸாவின் கீழ்ப்பகுதியை நேராக்கி, அகலப்படுத்தி, கருங்கல் சுவர் கட்டினார்கள். சிரமியாத்னிகியில் ஒரு தடுப்பணையும், படகுகளை ஏற்றி இறக்கும் கதவுத்தொட்டியும் வந்தன. கட்டடக் கலைஞர் கோல்ட்ஸ் வடிவமைத்த அந்தத் தொட்டி, தூணும் சிலையுமாகச் சிறிய அரண்மனைபோல இருக்கும். பிறகு போர் வந்தது. நீர்வளையம் முடியவே இல்லை. யாவுஸா மட்டும் பாதித் திட்டத்தின் மிச்சமாக, தேங்கி அகன்ற ஆறாக நின்றுவிட்டது. அதில் தண்ணீர் அசையாமல் தெரிவதற்குக் காரணமும் அந்தத் தடுப்பணையே.

எவ்வளவு நீர் இப்போது வெளியிலிருந்து வருகிறது? ஒரு தோராயக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். மாஸ்கோ வட்டாரத்தில் ஒரு சதுர கிலோமீட்டர் நிலம் ஆண்டுச் சராசரியாக விநாடிக்கு 6 முதல் 7 லிட்டர் நீரை ஆற்றுக்குத் தரும். யாவுஸாவின் 450 சதுர கிலோமீட்டருக்குப் பெருக்கினால் விநாடிக்கு 3 கன மீட்டர் அளவுக்கு வரும். இயற்கையான யாவுஸா அவ்வளவுதான். ஆனால் கழிமுகத்தில் சொல்லப்படும் சராசரி 9 கன மீட்டருக்குச் சற்று மேல். மிச்சமெல்லாம் வோல்கா நீர், தார்ச்சாலையிலும் கூரையிலும் விழுந்து மண்ணுக்குள் போகாமல் ஓடிவரும் மழைநீர், நகரத்தின் குழாய்க் கசிவு, கழிவு. ஒவ்வொன்றும் எத்தனை பங்கு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு இரவல் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறு வராது. கழிவோடு வரும் வெதுவெதுப்பால் இந்த ஆறு இப்போது குளிர்காலத்தில் பல இடங்களில் உறைவதே இல்லை. ஜனவரியிலும் வாத்துகள் நீந்திக்கொண்டிருக்கும். சறுக்குவண்டி போன பாதையும் அதோடு போயிற்று.

பழைய யாவுஸா எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால், அடுத்த முறை மையப்பகுதியை விட்டுவிட்டு மெட்ரோவில் மெத்வேத்கவோ பக்கம் போங்கள். கரைச்சுவர் இல்லாமல், வில்லோ மரங்களுக்கு நடுவே வளைந்து ஓடும் யாவுஸாவை அங்கே பார்க்கலாம். சில இடங்களில் ஒரு கல்லைக் கைவீச்சில் அக்கரைக்கு எறிந்துவிடலாம். அங்கிருந்து ஆற்றோடு தெற்கே இறங்கினால் ரஸ்தோக்கினோ தொட்டிப்பாலம், மேலே நடந்துபோகலாம். இணையத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ரஷ்யாவில் யாவுஸா என்ற பெயரில் வேறு ஆறுகளும் உண்டு. ஸ்மோலென்ஸ்க் பகுதியில் உள்ள யாவுஸா நீர்த்தேக்கம் அப்படி வேறோர் ஆற்றின் மேல் கட்டியது. அதன் நீரும் மாஸ்கோவின் குடிநீர் அமைப்புக்குத்தான் போகிறது என்பதால் இரண்டையும் குழப்பி எழுதியவர்கள் நிறைய. படத்தில் பெரிய ஏரி தெரிந்தால் அது நம் யாவுஸா இல்லை.